அவளுக்கு மட்டும் இரண்டு அம்மா

நம்ம வயசுக்காரர்களிடம் இதை விளக்கவே வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாறுகண் விழுந்தால் அதை நோய் என்று யாரும் சொன்னதில்லை. ராசி என்றுதான் சொன்னோம். இன்றைக்கு என் மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். "கண்ணு கோணலாப் போனா கிளினிக்குக்குத்தானேம்மா கூட்டிட்டுப் போவாங்க?" என்கிறாள். அவளுக்கென்ன தெரியும். கெடாவில், குருண் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், விடிவதற்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் ஆள் நிற்கும், என் தங்கச்சி முகத்தில் முழிக்க. என் முகத்தில் முழிக்க ஒருத்தரும் வந்ததில்லை. எனக்குக் கண் இரண்டும் நேராக இருந்தன, அதுதான் என் குறை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, அவள் இரண்டாம் வகுப்பு. தீபாவளிக்கு சுங்கைப் பட்டாணி ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் அவள் அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஓரமாக, ஒரு பிளாஸ்டிக் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அந்தப் படத்தை நான் பார்த்த அளவுக்கு வீட்டில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மடியில் இருப்பது நானாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அதில் அவள் கண் இரண்டும் என்னுடையதைப் போலவே நேராகத்தான் இருந்தன.

பொங்கலுக்கு முன்னால் அவளுடைய வலது கண் மெல்லக் காதுப் பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது நான்தான். வயிற்றெரிச்சல் பிடித்தவள் ஒருத்தியைக் கவனிக்கிற மாதிரி பெற்ற தாய்கூடக் கவனிக்க முடியாது. அம்மா மீனின் வயிற்றுச் சதையைப் பார்த்துப் பார்த்து அவள் தட்டில் வைப்பாள், எனக்கு வால் துண்டு விழும். அவள் அதைச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் அவள் முகத்தையே முறைத்துக்கொண்டிருப்பேன். அப்படி முறைத்த ஒரு நாள்தான், ஒரு கண் என்னைப் பார்க்கிறது, மற்றது ஜன்னலைப் பார்க்கிறது என்று தெரிந்தது.

"அம்மா, இவ கண்ணை ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு என்னைக் கேலி பண்றா."

"பேசாமத் தின்னுடி" என்றாள் அம்மா.

அடுத்துக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு அத்தை. அவர் என் தங்கச்சியின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாறுகண்ணு விழுது இவளுக்கு. யோகக்காரி" என்று நெட்டி முறித்தார். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் அவர் வீட்டுக்காரர், நாங்கள் லோரிக்கார மாமா என்று கூப்பிடுகிறவர், காலையில் வெளியே வரும்போது முதலில் பார்த்தது தங்கச்சி முகத்தை. அன்றைக்கு ஜெராய் மலை இறக்கத்தில் அவருடைய லோரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. லோரி நேராக ஒரு வாழைத் தோட்டத்துக்குள் போய் மெத்தென்று நின்றது. மாமா உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், தோளில் ஒரு வாழைத்தாரோடு வீட்டுக்கு வந்தார். தாரை எங்கள் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "இந்தப் புள்ள மூஞ்சிலதான் முழிச்சேன்" என்று லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

மோட்டோ லைசென்ஸ் சோதனைக்குப் போகிறவன், ஃபேக்டரியில் வேலை கேட்கப் போகிற பெண், பிரசவத்துக்குக் கிளம்புகிறவள், பெண் பார்க்கப் போகிற குடும்பம் என்று எல்லாரும் எங்கள் வீட்டு வழியாகத்தான் போனார்கள். சோதனையில் தோற்றவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதில் எனக்குப் போனது என்ன என்று சொல்ல வேண்டும். அம்மா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவள். விடியற்காலையில் பெரட்டில் பேர் கொடுக்கப் போவதற்கு முன் அவளுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணி நேரம் என்னுடையது. தூக்கக் கலக்கத்தோடு நான் அவள் முழங்காலுக்கு நடுவில் உட்காருவேன், அவள் என் தலையை வாரி இரட்டைப் பின்னல் போடுவாள். அவள் வேலைச் சட்டையில் ஏறிப்போன ரப்பர்க் கட்டிப்பால் நாற்றம் அடிக்கும். உலகத்தில் எல்லாரும் மூக்கைப் பொத்துகிற அந்த நாற்றம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். பேச்செல்லாம் பெரிதாக இருக்காது. "தலையை ஆட்டாத" என்பாள், அவ்வளவுதான். நாள் முழுக்க அவளிடம் எனக்குக் கிடைத்தது அதுதான்.

தங்கச்சி ராசிக்காரி ஆன பிறகு அந்த அரை மணி நேரம் அவளுக்குப் போய்விட்டது. அம்மா அவளை எழுப்பி, முகம் கழுவி, பௌடர் போட்டு, பொட்டு வைத்து, முன்னறையில் கதவைப் பார்த்த மாதிரி நாற்காலியில் உட்கார வைப்பாள். வருகிறவர்கள் பிஸ்கட் டின்னும் மைலோவும் கொடுத்துவிட்டுப் போவார்கள். லோரிக்கார மாமா காலுக்கு ஒரு சிவப்புச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். நான் கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் எல்லார் முன்னாலும், "வீட்டுல கண்ணாடி இல்லையா?" என்று கேட்டார்.

ஒரு மதியம் பைப்படியில் அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். மங்குக் குவளையில் மொண்ட தண்ணீர் வாளிக்குள் விழாமல் வாளிக்குப் பக்கத்தில் விழுந்தது. மறுபடியும் மொண்டாள், மறுபடியும் வெளியே. நான் சிரித்தேன். அவள் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஊற்றினாள். இந்தத் தடவை சரியாக விழுந்தது.

"ஏன்டி கண்ணைப் பொத்துற?"

"சொன்னா யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்கு எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுதுக்கா. ஒரு கண்ணை மூடினா ஒண்ணாயிடும்."

"வாளியுமா?"

"வாளியும்தான். நீயும்தான்."

எனக்குக் கேட்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன். "அம்மாவும் ரெண்டா?"

"ஆமா. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு அம்மா நிப்பாங்க."

அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். எனக்கு ஒரு அம்மாவே முழுசாகக் கிடைக்கவில்லை, இவளுக்கு மட்டும் இரண்டு அம்மாவா? வயிறு அப்படி எரிந்தது. அன்றிலிருந்து நானும் மாறுகண் பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தலை வலிக்கும், விட மாட்டேன். ஒரு நாள் அப்படியே கண்ணை வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். உண்மையிலேயே இரண்டு அம்மா தெரிந்தார்கள். இரண்டு பேரும் அகப்பையோடு நின்றார்கள். "கண்ணு அப்படியே நின்னுரும்டி, கழுதை" என்று முதுகில் ஒன்று விழுந்தது. எனக்குக் கிடைத்த இரண்டு அம்மாவும் என்னைத் திட்டினார்கள்.

அவளுக்கு இடையிடையே தலைவலி வரும். வலது புருவத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிடுவாள், வாந்தி எடுப்பாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே, கண்ணேறுதான் என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் வெள்ளை மாத்திரை கொடுத்தார், இரண்டு நாளில் சரியாகிவிடும். மறுபடியும் நாற்காலி, பௌடர், பொட்டு. அவளும் வலியை வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால் ஆட்கள் வருவது நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம். ஏழு எட்டு வயசுப் பிள்ளை, அவ்வளவு சாமர்த்தியம்.

பள்ளி விடுமுறையில் லோரிக்கார மாமா எங்களைக் கடலோரத்தில் இருக்கிற கோலா கெடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய கூட்டாளி ஒருவர் அங்கே மீன் எடுத்து விற்பவர், புதிதாக வேன் வாங்கியிருந்தார். வேனைத் தங்கச்சி பார்க்க வேண்டுமாம். அம்மா வந்தாள், அதனால் நானும் ஒட்டிக்கொண்டேன். கருவாடு, டீசல், சேறு எல்லாம் கலந்த வாடை. ஐஸ் கட்டியை மெஷினில் போட்டு அரைக்கிற சத்தத்தில் பேசுவது கேட்காது. லங்காவித் தீவுக்குப் போகிறவர்கள் பெட்டியும் பையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி வேனைப் பார்த்தாள். அதற்கு அவளுக்கு ஒரு தட்டு இறால் போட்ட மீ நூடுல் கிடைத்தது. நான் அதில் மிச்சத்தைச் சாப்பிட்டேன்.

பிறகு அந்தக் கூட்டாளி படகைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனார். கரையிலிருந்து படகுக்கு ஒரு பலகை போட்டிருந்தது. தங்கச்சி சிவப்புச் சப்பாத்தோடு முன்னால் போனாள். பலகைக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், தைரியமாகக் காலை எடுத்து வைத்தாள். தண்ணீர் வற்றியிருந்த நேரம், சேற்றில் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டாள். மாமா குதித்துத் தூக்கினார். ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விட்டது.

"புதுச் சப்பாத்து, வழுக்கிருச்சு" என்றார் மாமா.

"வழுக்கல. அவளுக்குப் பலகை ரெண்டாத் தெரிஞ்சிருக்கும்" என்றேன் நான்.

அம்மா திரும்பினாள். "என்னாடி சொன்ன?"

கடைசியில் அம்மா என்னைப் பார்க்கிறாள், விடுவேனா? மூச்சு விடாமல் கொட்டினேன். எல்லாம் இரண்டாகத் தெரிகிறதாம், படி இறங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள், தண்ணீரை வாளிக்கு வெளியே ஊற்றுகிறாள், தலைவலி வந்தால் மறைக்கிறாள், இவள் ராசியும் இல்லை ஒன்றும் இல்லை, இவளுக்குக் கண்ணே சரியாகத் தெரியவில்லை, எல்லாரையும் ஏமாற்றுகிறாள். தங்கச்சி சேற்றோடு நின்று அழுதாள்.

"பெரியவளுக்கு வயித்தெரிச்சல், விடுங்கம்மா" என்று மாமா அம்மாவைச் சமாதானப்படுத்தினார். அவர் சொன்னது உண்மைதான். நான் சொன்னதும் உண்மைதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் லோரியில் அம்மா தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய ஒரு கண்ணைப் பொத்துவாள், விரலைக் காட்டுவாள், எத்தனை என்று கேட்பாள். கையை எடுத்துவிட்டு மறுபடி கேட்பாள். குருண் வந்து சேரும்போது அம்மாவின் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

அந்த வாரமே பெரிய தலைவலி வந்தது. வலி நின்றபோது வலது இமை கீழே இறங்கிவிட்டது, தூக்க முடியவில்லை. அம்மனே கண்ணை மூடிவிட்டாள், ஏதோ குறை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கோயிலில் பூசை போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றார் அப்பா. "பூசையை நீங்க போடுங்க, நான் டாக்டர்கிட்ட போறேன்" என்று அம்மா பையை எடுத்தாள். அப்பாவும் பின்னாலேயே வந்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கடைத்தெரு மலாய்தான் வரும் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

சுங்கைப் பட்டாணியில் அந்த டாக்டர் சின்ன வயசு மலாய்க்காரப் பெண். டார்ச் அடித்துப் பார்த்தார். பேனாவை அப்படியும் இப்படியும் காட்டி, கண்ணாலேயே பார்க்கச் சொன்னார். தங்கச்சியின் இடது கண் பேனாவோடு போனது. வலது கண் போகவில்லை.

"செஜாக் பிலா?" எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்" என்றார் அப்பா, மலாயில், ரொம்ப நிச்சயமாக.

அப்பா பொய் சொல்லவில்லை. அதை இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். ராசி என்றால் கூடவே பிறந்திருக்க வேண்டும், நடுவில் வந்தால் அதற்கு மதிப்பில்லை. பிறவி ராசி, பிறவி ராசி என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி, மகளின் கண் நேராக இருந்த காலமே அப்பாவுக்கு மறந்துபோயிருந்தது. அம்மாகூடத் தயங்கினாள். எனக்கு மட்டும் மறக்கவில்லை. பிறவியிலேயே அதிர்ஷ்டம் என்று இவளுக்கு இன்னொரு பட்டத்தையும் கொடுப்பதா?

"தாக், டாக்டர். லெபாஸ் தீபாவளி." இல்லை, தீபாவளிக்கு அப்புறம்தான் என்றேன். ஸ்டூடியோ படத்தில் கண் நேராக இருக்கிறது, பொங்கலுக்கு முன்னால் ஒதுங்க ஆரம்பித்தது, ஒவ்வொரு தலைவலிக்கும் அப்புறம் இன்னும் கொஞ்சம் ஒதுங்கும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அப்பா என் தொடையைக் கிள்ளினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறவியில் வந்த மாறுகண் வேறு, நடுவில் வலியோடு வந்து இமையையும் இறக்குகிற கண் வேறு, இதற்கு உடனே தலையைப் படம் எடுக்க வேண்டும், நாளைக்கே பினாங்குக்குப் போங்கள் என்றார். எங்களை அனுப்பும்போது என் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த வருஷம் முழுக்க எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

பினாங்கில் படம் எடுத்தார்கள். கண்ணை அசைக்கிற நரம்பில் ஒரு கட்டி. பட்டாணி அளவுதான், கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் வளர்கிறது என்றார்கள். அங்கே இருந்த தமிழ் நர்ஸ் அம்மாவுக்கு அதை மெதுவாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு இந்த நரம்பில் கட்டி வருவது மிக மிக அபூர்வம், பெரிய டாக்டரே புத்தகத்தில்தான் படித்திருக்கிறாராம். படிக்கிற டாக்டர்கள் கூட்டமாக வந்து தங்கச்சியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். தோட்டத்தில் விட்டது பினாங்கில் தொடர்ந்தது. நோய் வந்தால்கூட இவளுக்கு அபூர்வமான நோய்தான் வர வேண்டுமா? எனக்கு வந்ததெல்லாம் சின்னம்மை, அதுவும் லயத்துக்கே வந்து, கடைசியாக எனக்கு வந்தது.

கோலாலம்பூரில்தான் ஆபரேஷன் செய்ய முடியும். கட்டியை எடுத்தால் நரம்பும் போகும், அந்தக் கண் இனிமேல் அசையாது. எடுக்காவிட்டால் வளர்ந்து மூளையை அழுத்தும்.

"கண்ணு அப்படியே நின்னுருமாம்" என்றார் அப்பா.

"நிக்கட்டும். புள்ள நின்னாப் போதும் எனக்கு" என்றாள் அம்மா.

அம்மாவும் தங்கச்சியும் கோலாலம்பூர் போனார்கள். என்னை சுங்கைப் பட்டாணியில் சித்தி வீட்டில் விட்டார்கள். சித்தி நல்லவர். தலை வாரிவிடுவார், ஆனால் இழுத்து வாருவார். ரோட்டோர வீடு, விடியற்காலையிலேயே மோட்டோ சத்தம் ஆரம்பித்துவிடும். அம்மா போன் பண்ணினால், "சாப்பிட்டியா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, "சித்திகிட்டக் குடு" என்பாள். சித்தியிடம் நேரம் போவது தெரியாமல் பேசுவாள், எல்லாம் தங்கச்சியைப் பற்றி.

ஆபரேஷன் நடந்த அன்று போன் வந்தபோது சித்தி ரிசீவரைப் பிடித்தபடி அழுதார். தங்கச்சி செத்துப்போய்விட்டாள் என்று நினைத்தேன். அவள் உயிரோடு இருக்கும்போதே அம்மா என் பக்கம் திரும்பவில்லை, செத்துப்போனால் அவள் எப்போதும் ஏழு வயசுப் பிள்ளையாகவே அம்மா மடியில் உட்கார்ந்திருப்பாள், செத்தவளோடு எப்படிப் போட்டி போடுவது என்று பயந்துபோனேன். சாகக் கூடாது, சாகக் கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அந்த வேண்டுதலில் பாசம் எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சித்தி போனை வைத்துவிட்டு, "முழிச்சிட்டா. அம்மான்னு கூப்பிட்டாளாம்" என்றார்.

மொட்டைத் தலையில் துணி கட்டிக்கொண்டு, ஒரு கண் மூடியபடி அவள் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாள் விடியற்காலையில் அவளே எழுந்து பௌடர் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. வேலை கேட்கப் போன ஒரு பையன் எங்கள் வாசலைத் தவிர்த்து, ஸ்டோர் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லோரிக்கார மாமா மட்டும் வந்தார். வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பிஸ்கட் டின்னை வைத்துவிட்டுப் போனார்.

சரி, என் அரை மணி நேரம் எனக்குத் திரும்பிவிடும் என்று சீப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அம்மா அந்த நேரத்தில் தங்கச்சியின் இமையைப் பிளாஸ்டரால் தூக்கி ஒட்டி, நல்ல கண்ணை மூடி, எதிரில் இருப்பதையெல்லாம் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படிச் செய்யாவிட்டால் அந்தக் கண் பார்வையும் மங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா என் சீப்பைப் பார்த்தாள். "நீதான் நல்லாப் பின்னிக்கிறியே" என்றாள். நான் நன்றாகப் பின்னிக்கொள்ளப் பழகியதுதான் நான் செய்த தப்பு.

பின்னால் இன்னும் சில ஆபரேஷன்கள் செய்து இமையைத் தூக்கிவிட்டார்கள், கண்ணையும் நடுவுக்கு இழுத்து வைத்தார்கள். பார்த்தால் இப்போது தெரியாது. ஆனால் அந்தக் கண் நகராது. ஓரக்கண்ணால் பார்த்தால் எல்லாம் இரண்டாகிவிடும் என்று, யார் பேசினாலும் தங்கச்சி முகத்தையே முழுசாக அவர்கள் பக்கம் திருப்பி, நேருக்கு நேராகப் பார்ப்பாள். பேசுகிறவர்கள் உருகிப்போகிறார்கள். என் வீட்டுக்காரரே ஒரு தடவை, "உன் தங்கச்சிகிட்டப் பேசினா நம்ம பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்குலா" என்றார். அன்றைக்கு அவருக்கு நான் மதியம் குழம்பு வைக்கவில்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எழுந்து நடக்க முடியாது. கஞ்சி நான் கொடுக்கிறேன், உடம்பு நான் துடைக்கிறேன், தலையும் நான்தான் வாருகிறேன். தங்கச்சி மாதம் ஒரு தடவை கோலாலம்பூரிலிருந்து வருவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்துப் பேசுவாள். அவள் போன பிறகு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள்: "சின்னவதான் என் மூஞ்சியப் பார்த்துப் பேசுவா."

போன வாரம் கஞ்சி கொடுக்கும்போது நானும் செய்து பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்த போனை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். கண்ணை அசைக்காமல், கழுத்தையும் தோளையும் சேர்த்துத் திருப்பி, அம்மா முகத்துக்கு நேராக என் முகத்தைக் கொண்டுபோய், "கஞ்சி சூடா இருக்காம்மா?" என்று கேட்டேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"என்னாடி, கழுத்துல சுளுக்கா? தைலம் இருந்தாத் தேச்சுக்க" என்றாள்.

தைலம் இருந்தது. தேய்த்துக்கொண்டேன்.